பசும்புல்லில் பட்டினி: ஆடுகளின் கோபால்ட் குறைபாடு கண்டறியப்பட்ட வரலாறு

செம்மறியாட்டுக்குப் புல்லும் தண்ணீரும் கிடைத்தால் போதும், அது தானே தேறிக்கொள்ளும் என்பது உலகெங்கும் மேய்ப்பர்களிடையே உள்ள பொதுவான நம்பிக்கை. பெரும்பாலான நிலங்களில் இது சரியாகவே இருந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் சில பகுதிகளில் இந்த நம்பிக்கை பொய்த்துப்போனது. முழங்கால் அளவு புல் நின்ற மேய்ச்சல் நிலத்திலேயே ஆடுகள் எலும்பும் தோலுமாகி இறந்தன. இறந்த ஆட்டை அறுத்துப் பார்த்தால் புழுத் தொல்லையோ தொற்றுநோயோ தென்படாது. பட்டினி கிடந்து செத்த விலங்கின் உடல் போலவே அது இருக்கும்.

இதற்கான காரணம் 1935இல் தெரியவந்தது. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே தேவைப்படும் கோபால்ட் என்னும் உலோகம் அந்தப் புல்லில் போதிய அளவு இல்லை. அந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பு ஒரு தவறான விடை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்திருந்தது. அந்தத் தவறான விடை ஓரளவு வேலையும் செய்தது என்பதுதான் இந்த வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

ஒரே நோய், பல பெயர்கள்

ஒவ்வொரு நாட்டிலும் மேய்ப்பர்கள் இந்த நோய்க்குத் தத்தம் பெயரை வைத்திருந்தனர். ஸ்காட்லாந்தில் அது 'பைன்' எனப்பட்டது. பைன் மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏங்கி மெலிதல் என்பது அச்சொல்லின் பொருள். நியூசிலாந்தின் வடக்குத் தீவில், எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் படிந்த நடுப்பகுதியில், அதன் பெயர் 'புஷ் சிக்னஸ்', அதாவது காட்டு நோய். காடழித்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலங்களில் தோன்றியதால் வந்த பெயர் இது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கடற்கரையோர மணற்பகுதிகளில் 'கோஸ்ட் டிசீஸ்', அதாவது கரையோர நோய் என்றனர். கென்யாவில் நக்குரு என்ற ஊரின் பெயரை ஒட்டி 'நக்குருயிட்டிஸ்' என்ற பெயர் வழங்கியது. இவை எல்லாம் ஒரே நோய் என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது.

அறிகுறிகள் எங்கும் ஒன்றாகவே இருந்தன. முதலில் ஆடு மேய்ச்சலில் நாட்டம் இழக்கும். கண்ணில் நீர் வடிந்து முகத்து மயிர் ஒட்டிக்கொள்ளும். கம்பளி மயிர் வலுவிழக்கும். ஈறும் இமையின் உட்புறமும் வெளுத்து இரத்தச்சோகை தெரியும். பால்குடி மறந்த குட்டிகளே முதலில் விழும். நல்ல நிலத்திலிருந்து கொண்டுவந்து விட்ட ஆடுகள் சில மாதங்கள் நன்றாக இருந்து, பிறகு மெலியத் தொடங்கும்.

இதில் இரண்டு விந்தைகள் இருந்தன. ஒன்று, அதே நிலத்தில் அதே புல்லை மேய்ந்த குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றொன்று, சாகும் நிலையில் இருந்த ஆட்டைக்கூட வேறு நிலத்துக்கு ஓட்டிச்சென்றால் அது பிழைத்துக்கொண்டது. புதிய இடத்தின் புல் பழைய இடத்துப் புல்லைவிட வறண்டதாக இருந்தாலும் அது தேறியது. இதை மேய்ப்பர்கள் அனுபவத்தால் அறிந்து, மந்தைகளை ஆண்டில் சில மாதங்கள் கரையோரத்திலும் மற்ற மாதங்களில் உள்நாட்டிலும் மாற்றி மாற்றி மேய்த்தனர். காரணம் தெரியாவிட்டாலும் மருந்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த மருந்துக்கு இரண்டு இடங்களில் நிலம் வேண்டும். ஒரே துண்டு நிலத்தை மட்டும் நம்பிக் குடியேறியவருக்கு அது பயன்படவில்லை.

குடியேறியவர்களின் நிலை

முதல் உலகப் போருக்குப் பின் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் ஓங்கி வளர்ந்த காடுகளை அழித்துப் பால்பண்ணைகள் அமைக்க அரசு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. 1921 முதல் பிரித்தானியாவிலிருந்து குடும்பங்கள் குழுக்களாக வரவழைக்கப்பட்டன. அதனால் இது குழுக் குடியேற்றத் திட்டம் எனப்பட்டது. பெரும்பாலோர் மாட்டையும் மண்ணையும் அறியாத நகரத்தார். மிகுந்த பாடுபட்டு மரங்களை வீழ்த்திப் புல்லும் குளோவர் என்னும் தீவனப் பயறும் விதைத்தனர். பயிர் செழித்தது. ஆனால் டென்மார்க் என்ற சிற்றூரைச் சுற்றிய பகுதியில் அதை மேய்ந்த மாடுகளும் ஆடுகளும் உருகி மடிந்தன. (இது மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள ஊர். ஐரோப்பிய நாட்டுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதனால் அந்நோய்க்கு 'டென்மார்க் மெலிவு நோய்' என்று பெயர் வந்தது. பலர் நிலத்தைக் கைவிட்டுச் சென்றனர். திட்டம் தோற்றதற்கு விலைவீழ்ச்சி, அனுபவமின்மை, கடன்சுமை என வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் கண்முன் தீவனம் நிறைந்திருக்க மாடு சாவதைப் பார்த்த குடும்பங்களுக்குத் தம் பராமரிப்பில்தான் ஏதோ குறை என்று தோன்றியிருக்கும்.

சாம்பலுக்குள் மறைந்தது

அறிவியலாளர்களுக்கு ஏன் இது பிடிபடவில்லை? தீவனத்தை அக்காலத்தில் எப்படி அளந்தார்கள் என்பதைப் பார்த்தால் விளங்கும். 1860களில் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகருக்கு அருகிலுள்ள வீண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னபெர்க், ஸ்டோமன் என்னும் இருவர் தீவனப் பகுப்பாய்வு முறை ஒன்றை உருவாக்கினர். அம்முறையில் எந்தத் தீவனமும் நீர், கச்சாப் புரதம், கச்சாக் கொழுப்பு, கச்சா நார், கரையும் மாவுப்பொருள், சாம்பல் என்று ஆறாகப் பிரிக்கப்படும். இன்றும் மாட்டுத் தீவன மூட்டையில் அச்சிட்டிருக்கும் 'கச்சாப் புரதம் இத்தனை விழுக்காடு' என்பது இந்த முறையின் வாரிசுதான். மிகப் பயனுள்ள முறை. ஆனால் இதில் தாதுக்கள் அனைத்தும் சாம்பல் என்ற ஒரே தலைப்பின் கீழ் எடை போடப்பட்டுவிடும். கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைவிடக் குறைவாக உள்ள ஒரு பொருள் அந்தச் சாம்பலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடையில் வேறுபாடு தெரியாது. நோய் தந்த புல்லும் நல்ல புல்லும் அட்டவணையில் ஒன்றுபோலவே இருந்தன.

நியூசிலாந்து வேளாண் துறையின் வேதியியலாளர் பெர்னார்ட் ஆஸ்டன் மண்ணையும் புல்லையும் விரிவாக ஆராய்ந்தார். நோயுற்ற விலங்குகளுக்கு இரத்தச்சோகை இருந்தது. இரத்தச்சோகை என்றால் இரும்பு நினைவுக்கு வருவது இயல்பு. நோய்ப்பகுதிப் புல்லில் இரும்பு குறைவு என்று அவர் கருதினார். இரும்புச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தபோது விலங்குகள் தேறின. லைமோனைட் எனப்படும் இரும்புத் தாதுவைத் தூளாக்கி உப்புடன் சேர்த்து நக்கக் கொடுத்தபோதும் தேறின. மருந்து வேலை செய்கிறது, எனவே நோய் இரும்புக் குறைபாடுதான் என்று முடிவாயிற்று.

ஆனால் சில செய்திகள் இதனுடன் பொருந்தவில்லை. இரும்புக் குறைபாட்டுக்குச் சிறிதளவு இரும்பே போதும், இங்கோ மிகப் பெரிய அளவு தேவைப்பட்டது. ஓரிடத்து லைமோனைட் வேலை செய்தது, மற்றோரிடத்து லைமோனைட்டில் இரும்பு குறைவில்லாதிருந்தும் பலன் இல்லை. நோயுற்ற விலங்குகளின் கல்லீரலில் இரும்பு குறையவில்லை, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சேர்ந்திருந்தது. இரும்பு இல்லாததால் நோய் என்றால் கல்லீரலில் இரும்பு ஏன் குவிய வேண்டும்?

ஆஸ்டனை இன்று குறைசொல்வது எளிது. ஆனால் நோயை மண்ணோடும் தாதுவோடும் இணைத்துப் பார்த்தவர் அவர். கிருமியையும் நச்சுச்செடியையும் தேடிக்கொண்டிருந்தவர்களைவிட அவர் விடைக்கு மிக அருகில் இருந்தார் என்பதே என் கருத்து.

1935: இரண்டு குழுக்கள், ஒரே விடை

மேற்கு ஆஸ்திரேலியாவில் எரிக் அண்டர்வுட் என்னும் இளம் ஆய்வாளரும் ஜான் ஃபில்மர் என்னும் கால்நடை மருத்துவரும் டென்மார்க் மெலிவு நோயை எடுத்துக்கொண்டனர். அவர்களின் வழி எளிமையானது, பொறுமை வேண்டுவது. லைமோனைட் வேலை செய்கிறது, ஆனால் இரும்பால் அல்ல என்றால், அதிலுள்ள வேறு எது வேலை செய்கிறது? லைமோனைட்டை அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து நீக்கி, எஞ்சிய கரைசலை நோயுற்ற விலங்குகளுக்குக் கொடுத்தனர். இரும்பே இல்லாத அந்தக் கரைசல் குணப்படுத்தியது. பின்னர் அக்கரைசலை மேலும் மேலும் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் விலங்குகளில் சோதித்து, கடைசியில் கோபால்ட்டை வந்தடைந்தனர். ஒவ்வொரு படியிலும் விடை சொன்னது ஆய்வுக்கூடக் கருவி அன்று, தேறியோ தேறாமலோ நின்ற விலங்கு.

அதே காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், அறிவியல் தொழில் ஆய்வு மன்றத்தின் விலங்கு ஊட்டப் பிரிவில் ஹெட்லி மார்ஸ்டனும் லைன்ஸ் என்பவரும் கரையோர நோயை ஆராய்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்த துப்பு வேறு. எலிகளுக்குக் கோபால்ட் கொடுத்தால் இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன என்று ஐரோப்பாவில் சில ஆண்டுகளுக்கு முன் கண்டிருந்தனர். இரத்தச்சோகை பிடித்த ஆட்டுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? நாளுக்கு ஒரு மில்லிகிராம் கோபால்ட்டை வாய்வழியே கொடுத்தனர். எழ முடியாமல் கிடந்த ஆடுகள் மீண்டும் மேயத் தொடங்கின.

இரு குழுக்களின் முடிவுகளும் 1935இல் வெளியாயின. யார் முந்தினர் என்ற பேச்சு பின்னர் எழுந்தது. வழிகள் வேறாக இருந்து விடை ஒன்றாக இருந்ததால் முடிவின் உறுதி கூடியது என்றே கொள்ளலாம்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் கதை அத்துடன் முடியவில்லை. ரோப், கிங்ஸ்டன் போன்ற ஊர்களை ஒட்டிய கரையோர மணல், கிளிஞ்சல் பொடிந்து உண்டான சுண்ணாம்பு மணல். அங்கே கோபால்ட்டுடன் செம்பும் குறைவு. கோபால்ட் மட்டும் பெற்ற ஆடுகள் தேறினாலும் அவற்றின் மயிர் சுருள் இழந்து கம்பிபோல் நின்றது. 1937இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பென்னட்ஸ், சாப்மன் ஆகியோர், குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழும் நோய்க்குத் தாய் ஆட்டின் செம்புக் குறைபாடே காரணம் என்று காட்டினர். கரையோர நோய்க்கு இரண்டு உலோகங்களையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் ஆடு முழுமையாகத் தேறியது, மயிரும் பழைய சுருளைப் பெற்றது.

ஒரு குன்றிமணி எடை

ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்குத் தேவையான கோபால்ட் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம். ஆண்டுக்கு 36.5 மில்லிகிராம். நம் தட்டார்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணியின் எடை சுமார் 120 மில்லிகிராம். அதாவது ஒரு குன்றிமணி எடைக் கோபால்ட் மூன்று ஆடுகளுக்கு ஓராண்டுக்குப் போதும். இவ்வளவு சிறிய பொருள் உடலில் என்னதான் செய்கிறது என்ற கேள்விக்கு 1935இல் விடை இல்லை. அது மனித மருத்துவத்தின் வேறொரு மூலையிலிருந்து வந்தது.

மனிதரைக் கொல்லும் ஒருவகை இரத்தச்சோகைக்குக் கல்லீரலை உணவாகக் கொடுத்தால் குணமாகிறது என்று 1926இல் அமெரிக்க மருத்துவர்கள் மினோட், மர்ஃபி ஆகியோர் காட்டினர். கல்லீரல் சிகிச்சைக்காக இவர்களுக்கும் விப்பிள் என்பவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலில் உள்ள அந்த மருந்துப்பொருள் 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே வைட்டமின் பி12. படிகத்தின் சிவப்பு நிறத்தை ஆராய்ந்தபோது அதில் கோபால்ட் இருந்தது. பின்னர் அந்த மூலக்கூறின் வடிவத்தை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கின் 1964இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மூலக்கூறின் நடுவில் ஒற்றைக் கோபால்ட் அணு அமர்ந்திருக்கிறது.

இதன்பின் ஆட்டின் கதை தெளிவாயிற்று. கோபால்ட்டை ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்தினால் ஆடு தேறுவதில்லை, வாய்வழி கொடுத்தால் தேறுகிறது என்று முன்பே கண்டிருந்தனர். பி12ஐ ஊசியாகப் போட்டால் தேறுகிறது என்று 1951இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காட்டினர். அப்படியானால் கோபால்ட்டைப் பி12 ஆக மாற்றும் வேலை வயிற்றில் நடக்கிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. புல்லின் நாரைச் சிதைப்பவை அவையே. பி12ஐ உருவாக்குபவையும் அவையே. ஆடு உண்மையில் முதலில் தன் வயிற்று நுண்ணுயிரிகளுக்குத் தீவனம் வைக்கிறது, பின்னர் அவை தருவதை உண்கிறது.

குதிரை ஏன் தப்பியது என்பதும் இப்போது விளங்குகிறது. பெருவயிற்றில் நார் நொதிக்கும்போது அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் அமிலங்கள் உண்டாகின்றன. ஆட்டுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே வருகிறது. புல்லிலுள்ள சர்க்கரையைப் பெரும்பாலும் நுண்ணுயிரிகளே உண்டுவிடுவதால், ஆடு தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் புரோப்பியானிக் அமிலத்திலிருந்து கல்லீரலில் ஆக்கிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தின் ஒரு படிக்கு பி12 கட்டாயம் தேவை. பி12 இல்லையேல் புரோப்பியானிக் அமிலம் பயன்படாமல் இரத்தத்தில் தேங்கும். அப்படித் தேங்குவதே பசியை அடக்குகிறது என்று மார்ஸ்டன் குழுவினர் விளக்கினர். ஆடு புல் நடுவில் நின்று மேயாமல் செத்ததன் காரணம் இதுதான். குதிரை இந்த வழியை அவ்வளவாக நம்பி வாழ்வதில்லை, ஆகவே அதன் பி12 தேவை குறைவு. கல்லீரலில் பி12 சேமிப்பு இருக்கும்வரை புதிதாக வந்த ஆடு சில மாதங்கள் தாங்கியதும் இதனால்தான்.

ஆடுவரை கொண்டுசேர்ப்பது

மருந்து தெரிந்தாயிற்று. ஆனால் பரந்த வெளியில் மேயும் ஆயிரக்கணக்கான ஆடுகளுக்கு அதை எப்படிக் கொடுப்பது? கோபால்ட்டை ஒருமுறை நிறையக் கொடுத்தால் உடலில் தங்காது. அடிக்கடி சிறிது சிறிதாகச் சேர வேண்டும். நக்குகட்டி வைத்தால் சில ஆடுகள் நக்கும், சில திரும்பியும் பாரா. வாரந்தோறும் பிடித்து வாயில் ஊற்றுவது பண்ணையாட்களுக்கு இயலாத வேலை. நியூசிலாந்தில் சூப்பர் பாஸ்பேட் உரத்துடன் கோபால்ட் உப்பைக் கலந்து புல்வெளியில் தூவினர். ஏக்கருக்குச் சில அவுன்ஸ் போதுமானதாக இருந்தது. வெறும் காடாகவும் புதராகவும் கிடந்த எரிமலைச் சமவெளி ஆட்டுப்பண்ணைகளாக மாறியது இவ்வழியில்தான். ஆனால் சுண்ணாம்பு மணலில் தூவிய கோபால்ட் முழுப்பயன் தரவில்லை.

1958இல் டியூவி, லீ, மார்ஸ்டன் ஆகிய மூவர் வேறொரு வழி கண்டனர். கோபால்ட் ஆக்சைடை அடர்த்தி மிக்க சிறு குண்டாகச் செய்து ஆட்டை விழுங்கவைத்தனர். அதன் எடை காரணமாக அது அசைபோடும்போது மேலே வராமல் இரைப்பையின் அடியிலேயே கிடந்து, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைந்தது. சில இடங்களில் குண்டின் மேல் சுண்ணாம்புப் படிவு மூடிக் கரைவதை நிறுத்திவிட்டது. அதற்கும் வழி கண்டார்கள்: குண்டுடன் ஒரு சிறு இரும்புத் திருகாணியையும் விழுங்கவைத்தால் இரண்டும் உரசிப் படிவு தேய்ந்துவிடும். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகவும் பிடித்த பகுதி இந்தத் திருகாணிதான்.

மார்ஸ்டன் பெயர் இன்னொரு செய்திக்காகவும் நினைக்கப்படுகிறது. 1956இல் பிரித்தானியா ஆஸ்திரேலியாவில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியபோது, மேய்ச்சல் ஆடுமாடுகளின் தைராய்டு சுரப்பிகளைச் சோதித்து, கதிரியக்க அயோடின் வெகுதொலைவு பரவியுள்ளதை அவர் காட்டினார். அதிகாரிகளுக்கு அது உவப்பாக இல்லை. புல்லில் படிந்தது எதுவாயினும் அது ஆட்டின் உடலில் தெரியும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் அப்போது அங்கு அதிகம் இல்லை.

புல்லை மட்டும் பார்த்து நிலத்தை மதிப்பிடக் கூடாது என்பதற்கு அதே நாட்டில் இன்னொரு சான்றும் கிடைத்தது. உரமிட்டபின் குளோவர் அமோகமாக வளர்ந்த மேற்கு ஆஸ்திரேலியப் பண்ணைகளில் பெட்டை ஆடுகள் சினைபிடிக்காமல் போயின. அந்தக் குளோவரில் பெண் இயக்குநீர் போலச் செயல்படும் பொருள் இருப்பது பென்னட்ஸ், அண்டர்வுட் முதலியோர் 1946இல் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து தெரியவந்தது. இது குறைவால் அன்று, மிகுதியால் வந்த கேடு. பின்னர் அப்பொருள் குறைந்த குளோவர் வகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

இன்று பண்ணையாளர்கள் புல்லிலும் மண்ணிலும் கோபால்ட்டையும், ஆட்டின் இரத்தத்திலோ கல்லீரலிலோ பி12ஐயும் அளந்து பார்க்கிறார்கள். உலர்ந்த புல்லில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கவனிக்கத் தொடங்குவார்கள். நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களில் கிடைக்கும் தாது உப்புக் கலவைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அதன் பட்டியலின் கீழ்ப்பகுதியில் கோபால்ட் இருக்கும்.

நியூசிலாந்தின் கயிங்கரோவா சமவெளியில் அந்தப் பழைய காலத்தின் தடம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆடுமாடு வாழாத நிலம் என்று கருதப்பட்டதால் அங்கே பைன் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. சிறைக் கைதிகளும், பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்றோரும் நட்ட மரங்கள் அவற்றுள் உண்டு. மரத்துக்குப் பெருவயிறு இல்லை, அதனால் அது நன்றாகவே வளர்ந்தது. 1935இல் விடை தெரிந்தபோது காடு ஏற்கெனவே உருவாகியிருந்தது. உலகின் பெரிய நடவுக் காடுகளில் ஒன்றாக அது இன்றும் நிற்கிறது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அந்த எரிமலைச் சமவெளியில் சில இடங்களில் பைன் வெட்டப்பட்டு நிலம் மீண்டும் புல்வெளியாக்கப்பட்டு, கால்நடைகள் மேய்கின்றன.